மெஷின் அக்கா கூப்பிட்ட குரல்

என் கணவரை "ஏங்க" என்று கூப்பிடும் உரிமை இந்த உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில் மண் விழுந்த இடம் ஓர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவு. அங்கே இன்னொருத்தியும் அவரை அப்படிக் கூப்பிட்டாள். அதுவும் என் கண் முன்னாலேயே, என்னைவிடக் குழைவாக.

அவளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். எழுதப்போகிறேன் என்றதும் என் கணவர், "திட்டி எழுதிடாத. என் ரத்தமே அவங்க கையில இருந்திருக்கு" என்றார். கொஞ்சம் திட்டத்தான் செய்வேன். மற்றதெல்லாம் நன்றி.

அந்த ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்கு மெஷின் அக்கா என்று பெயர். டயாலிசிஸ் டெக்னீஷியன். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரா வாரம் வந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகும் கீழ்த்தளத்து ஹாலில் அவளுக்கு வேலை. மேல்மாடியில் யாருக்காவது உயிருக்கே ஆபத்து என்றால் மெஷினைத் தள்ளிக்கொண்டு லிஃப்டில் ஏறி வருவாள். ஆள் குள்ளம். மெஷின் அவளைவிட ஒரு சாண் உயரம். அதன் ஒரு சக்கரம் எப்போதும் கோணிக்கொண்டு போகும். இடுப்பால் ஒரு இடி கொடுத்துத் திருப்புவாள். தலையில் கொண்டைக்கு நடுவே ஒரு பேனா செருகியிருக்கும். பேனாவைக் காணோம் என்று ஊரெல்லாம் தேடுவாள். என்னைவிடச் சின்னவள்தான். ஆனால் டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லாரும் அக்கா என்கிற இடத்தில் நான் மட்டும் பிறந்த தேதி கேட்டுக்கொண்டு நிற்க முடியுமா? நானும் அக்கா என்றேன்.

எங்களுடையது போட்டோ பிரேம் போடும் கடை. முன்னால் கவுண்டரில் நான். திரைக்குப் பின்னால் அவர், கண்ணாடி வெட்டிக்கொண்டு, கட்டை அறுத்துக்கொண்டு. கவுண்டருக்கு ஆள் வந்தால் நான் கழுத்தைத் திருப்பாமலே "ஏங்க!" என்று ஒரு குரல் விடுவேன். முதல் குரல் அவர் காதிலேயே விழாது. இரண்டாவதற்கு "ம்" என்பார், இடத்தை விட்டு அசையமாட்டார். மூன்றாவதற்குத்தான் வருவார். வரும்போது வலது கை நெற்றிக்குப் போகும். வேலை செய்யும்போது மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டுக்கொள்வது அவர் வழக்கம். அதை இறக்கிவிட்டுக்கொண்டு, வந்தவர் முகத்தைப் பார்ப்பார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் எங்கள் குடும்பம். பெரிய கொஞ்சல் குலாவல் ஒன்றும் கிடையாது.

இந்தக் கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு ஒரு விஷயம் பழகிப்போயிருந்தது. கல்யாணப் படம், குழந்தை படம் கொண்டுவருகிறவர்கள் பிரேமுக்கு ஒரு மணி நேரம் பேரம் பேசுவார்கள். தங்க நிறம் வேண்டாம், அதைக் காட்டு, இதைக் காட்டு என்பார்கள். சிலர் வந்து, ஒருவருடைய முகம் மட்டும் இருக்கும் படத்தை மேசைமேல் வைத்து, "ஏதோ ஒன்னு போட்டுக் குடுங்க" என்பார்கள். பேரம் பேசமாட்டார்கள். அந்த வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று புரிந்துகொள்வேன். நானும் வாயைத் திறக்காமல் ரசீது எழுதிவிடுவேன்.

அவருக்கு நோய் வந்தது கண்ணாடியால்தான். உடைந்த ஒரு சில்லு செருப்பைத் தாண்டிக் குதிகாலில் ஏறிவிட்டது. பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றேன். "இதுக்கெல்லாம் டாக்டரா, கண்ணாடிக்காரன் கால்ல கண்ணாடி குத்தாம கரும்பா குத்தும்?" என்று நக்கல் வேறு. கால் வீங்கியது. காய்ச்சல் அடித்தது. ஒரு நாள் காலையில் பல் விளக்கப் போனவர் குழாயடியிலேயே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய்விட்டது. மூச்சுக்குக் குழாய் போட்டார்கள். மறுநாள் டாக்டர் என்னை வெளியே அழைத்து, "கிட்னி ரெண்டும் வேலை செய்யல அம்மா. சிறுநீரே இறங்கல" என்றார்.

"டயாலிசிஸ் பண்ணுங்க" என்றேன். எனக்கும் நாலு விஷயம் தெரியும் அல்லவா?

"சாதாரண டயாலிசிஸ் பண்ணா சில மணி நேரத்துல உடம்புல இருக்கற தண்ணியெல்லாம் வேகமா இழுக்கும். இவர் பிரஷருக்கு அது தாங்காது. மெதுவா ஓடற மெஷின் ஒன்னு இருக்கு. ராத்திரி பகலா நிக்காம ஓடும். கொஞ்சம் கொஞ்சமா சுத்தம் பண்ணும். அதுவரைக்கும் கிருமியை மருந்து அடக்கணும். அப்புறம் கிட்னி தானா முழிச்சுக்கலாம்."

"முழிச்சுக்கலன்னா?"

"முதல்ல அவர் இதைத் தாண்டட்டும்" என்றார்.

அன்றைக்குத்தான் அந்தக் கோணல் சக்கரம் கடகடவென்று வரும் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டேன். மெஷினை அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, அதன் கொக்கிகளில் தண்ணீர்ப் பைகளை மாட்டிக்கொண்டே அவள் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "வீட்ல இவரை எப்படிக் கூப்பிடுவீங்க?"

எனக்கு எரிச்சல். ஒரு உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கிறது, இவள் ஊர்க்கதை கேட்கிறாள். "எப்படிக் கூப்பிடுவாங்க? ஏங்கன்னுதான்" என்றேன்.

"பேர்?"

"பேர் ஃபைல்ல இருக்கு. நான் எதுக்கு அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடறேன்?"

அவள் தலையை ஆட்டினாள். பிறகு நினைவே இல்லாமல் கிடந்த மனுஷனின் காதருகே குனிந்து, பச்சைப்பிள்ளையிடம் பேசுகிற மாதிரி, "ஏங்க... உங்க ரத்தத்தைக் கொஞ்சம் வெளிய எடுத்துச் சுத்தம் பண்ணித் திருப்பித் தரப்போறேங்க. பயப்படாதீங்க" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்துக் கட்டில் பெரியவர் ஒருவர், அவருக்கும் வீட்டில் அதே அழைப்புதான் போலிருக்கிறது, "ம்... சொல்லு" என்று பதில் சொன்னார். நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

தொடையில் செருகியிருந்த தடித்த ஊசிக்குழாயில் ட்யூபை மாட்டினாள். அவர் ரத்தம் சிவப்பாக ஏறி, மெஷின் முகத்தில் மாட்டியிருந்த ஒரு நீள உருளைக்குள் போய், மறுபக்கம் இறங்கியது. கீழே ஒரு பையில் வெளிர்மஞ்சளாகத் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. "அதென்ன?" என்றேன். "அவர் கிட்னி வெளிய தள்ள வேண்டியது. இப்போதைக்கு இது தள்ளுது" என்றாள். அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவ்வளவு நேரமாகக் கல்லாக இருந்த எனக்கு அப்போதுதான் கண்ணீர் வந்தது. நம் உடம்பு நாள் முழுக்கச் சத்தமில்லாமல் செய்கிற வேலைக்கு இவ்வளவு பெரிய மெஷின் வேண்டியிருக்கிறது. யாராவது ஒரு நாளாவது அதற்கு நன்றி சொல்லியிருப்போமா?

ஆனால் கோபம் போகவில்லை. அவள் ஒவ்வொரு முறை பை மாற்றும்போதும் "ஏங்க", ட்யூபைச் சரிசெய்யும்போதும் "ஏங்க". பார்வை நேரத்தில் நான் கொஞ்ச நேரம்தான் உள்ளே போகலாம். அந்த நேரத்திலும் அவள் ஏங்க ஏங்க என்று உருகினால் நான் எதற்கு? ஒரு நாள் நேராகவே சொல்லிவிட்டேன்.

"அப்படிக் கூப்பிடாதீங்க. அது என் வார்த்தை."

அவளுக்கு முகம் சுருங்கவில்லை. "சரி. சார்னு கூப்பிடறேன்" என்றாள். அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தது எனக்கு இன்னும் கடுப்பாக இருந்தது. சண்டைக்கு ஆள் கிடைக்காத மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த நாளே நான் ஒரு காரியம் செய்தேன். உள்ளே போய் அவர் கையைத் தொட்டால் ஐஸ். விரலெல்லாம் சில்லென்றிருந்தது. போய்விட்டார் என்றே நினைத்துவிட்டேன். "ஐயோ, கை குளிர்ந்துபோச்சு!" என்று கத்திக்கொண்டே காலடியில் இருந்த போர்வையை இழுத்து, வீட்டில் செய்வது போல இரண்டு பக்கமும் இறுக்கிச் செருகினேன். மெஷின் கீச்சுக்கீச்சென்று அலற ஆரம்பித்தது. நானும் அதோடு சேர்ந்து அலறினேன். அவள் எங்கிருந்தோ பாய்ந்து வந்து போர்வையை உருவி எறிந்தாள். நான் இறுக்கிய இறுக்கில் தொடைக்குழாய் மடங்கி ரத்தம் நின்றிருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா உள்ள ரத்தம் கட்டியிருக்கும். அவர் ரத்தம்தான் வீணாகியிருக்கும்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்ததும் என் கையைப் பிடித்து, ரத்தம் வெளியே வருகிற ட்யூபின் மேல் வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. பிறகு உள்ளே திரும்புகிற ட்யூபின் மேல் வைத்தாள். அதில் அந்தச் சூடு இல்லை.

"இவ்வளவு தூரம் வெளிய சுத்திட்டு வருதுல்ல, சூடு குறையுது. சூடு பண்ணித்தான் அனுப்பறோம், ஆனாலும் குளிரும். அதனாலதான் கை ஜில்லுன்னு இருக்கு. போர்த்துங்க, வேண்டாங்கல. ட்யூப் மட்டும் என் கண்ணுக்குத் தெரியணும்."

அந்த வெதுவெதுப்பு என் உள்ளங்கையில் வெகுநேரம் இருந்தது. அன்றைக்கு அவளிடம் மன்னிப்பும் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. வெளியே வந்து, அவளுக்கும் சேர்த்து இரண்டு டீ வாங்கினேன். அவள் நின்றுகொண்டே குடித்தாள். உட்கார்ந்து குடிக்கிற பழக்கமே போய்விட்டதாம்.

டீ குடித்துக்கொண்டே அவள் கதையைக் கொஞ்சம் சொன்னாள். இந்தப் படிப்பை அவள் ஆசைப்பட்டு எடுக்கவில்லை. இடம் கிடைத்தது, சேர்ந்தாள். வேலைக்கு வந்த முதல் நாள் ட்யூபில் ரத்தம் ஓடுவதைப் பார்த்ததும் பொத்தென்று மயங்கி விழுந்துவிட்டாளாம். மெஷினோடு கட்டுண்டு கிடந்த நோயாளி எழுந்து வர முடியாமல், "யாராவது வந்து இந்தப் பொண்ணைத் தூக்குங்கப்பா, எனக்குப் பார்க்கவே பயமா இருக்கு" என்று கூச்சல் போட்டிருக்கிறார். கண் விழித்ததும் தன்னுடைய பிஸ்கட்டைக் கொடுத்தவரும் அவர்தானாம். "அந்த வெக்கத்துலதான் வேலையை விடாம நின்னேன்" என்று சிரித்தாள்.

வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று அவள் ஏன் எல்லாரையும் கேட்கிறாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. லாரி ஓட்டுகிற ஒருவர் இப்படித்தான் நினைவில்லாமல் கிடந்தாராம். ஃபைலில் இருந்த நீளமான பெயரைச் சொல்லி எல்லாரும் கூப்பிட்டார்கள். அசைவில்லை. மூளை போய்விட்டதோ என்று பேச்சு. கடைசியில் அவர் அண்ணன் வந்து, "டேய் மொட்டை" என்று ஒரு தடவைதான் சொன்னார். ஆள் கண்ணைத் திறந்துவிட்டார். ஃபைலில் இருந்த பெயரை வீட்டில் யாருமே சொன்னதில்லை, அது அவர் காதுக்குச் சொந்தப் பெயராகவே இல்லை. "அன்னைலருந்து கேட்டுடுவேன்" என்றாள்.

"உங்க வீட்ல உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்க நினைத்தேன். அதற்குள் மேலிருந்து அலாரம் என்று ஆள் வந்து கூப்பிட, பாதி டீயோடு ஓடிவிட்டாள்.

அவர் ரத்த அழுத்தம் மெல்ல ஏறியது. கால் வீக்கம் வடிந்தது. மெஷின் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. மயக்க மருந்தை நிறுத்தினார்கள். இனிமேல் கண் விழிப்பார் என்றார்கள். அவர் விழிக்கவில்லை. ஒரு நாள் போயிற்று, இன்னொரு நாளும் போயிற்று. சிறுநீரகம் நின்றுபோன உடம்பிலிருந்து மருந்து வெளியேற நாளாகும், பார்ப்போம் என்றார் டாக்டர். ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. ஆனால் டாக்டர் "பார்ப்போம்" என்று சொல்கிற விதம் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, கையை அமுக்கு என்றால் அமுக்குகிறாரா என்று ஒவ்வொரு வேளையும் பார்த்தார்கள். இல்லை, இல்லை, இல்லை.

இந்த நேரம் பார்த்து எனக்குக் காய்ச்சலும் இருமலும் பிடித்துக்கொண்டது. உள்ளே விடமாட்டோம் என்றுவிட்டார்கள். அவருக்கு இருக்கிற எதிர்ப்புச் சக்தியில் என் இருமல் ஒன்றே போதுமாம். தாழ்வாரத்தில் பெரிய கண்ணாடி ஒன்று உண்டு. அதன் வழியாக அவர் கட்டில் தெரியும். முகமூடி போட்டுக்கொண்டு அங்கே நின்றேன்.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகம். கடையில் தினமும் நான் பார்க்கிற காட்சிதான் அது. கையில் எடுத்து, துணியால் துடைத்து, காகிதத்தில் சுற்றி, எத்தனை பேரிடம் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு அந்தக் கண்ணாடியின் முன்னால் நின்றபோது, ஏதோ ஒன்னு போட்டுக் குடுங்க என்று நானே என் கவுண்டரில் வந்து நிற்கிற மாதிரி ஒரு நினைப்பு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே மெஷின் அக்கா பை மாற்றிக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்தது தெரிந்தது. "சார்" என்று சொல்லியிருப்பாள். அவர் வாழ்நாளில் அவரை யார் சார் என்று கூப்பிட்டார்கள்? கடைக்கு வருகிறவர்கள்கூட அண்ணே என்பார்கள்.

அவள் வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, கூப்பிடுங்க. ஏங்கன்னு கூப்பிடுங்க. நான் தடுத்திருக்கக் கூடாது."

"உங்களுக்குத் தெரியாம ரெண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துட்டேன்" என்றாள், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு. "அதுக்கும் அசையல."

"எப்படிக் கூப்பிட்டீங்க?"

"ஏங்க..." என்று இழைத்துக் காட்டினாள்.

எனக்கு அழுகை வரவேண்டிய நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "இப்படிக் கூப்பிட்டா அவர் எப்படி எந்திரிப்பார்? கல்யாணமான நாள்லருந்து இப்படி ஒரு குரலை அவர் கேட்டதே இல்ல. வேற யாரையோ கூப்பிடறாங்கன்னு நினைச்சிருப்பாரு!"

"பின்ன எப்படி?"

காய்ச்சலில் கட்டிய தொண்டையைச் செருமிக்கொண்டு, தாழ்வாரத்தில் நின்றபடியே ஒரு குரல் விட்டேன். "ஏங்க! காது கேக்குதா இல்லையா? கவுண்டர்ல ஆள் நிக்குது, அங்க என்ன பண்ணிட்டிருக்கீங்க?"

வாட்ச்மேன் ஓடிவந்தார். "என்னம்மா, இங்கல்லாம் சண்டை போடக் கூடாது."

"சண்டை இல்லண்ணே, பாடம் நடக்குது" என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்துத் திருப்பிச் சொன்னாள். சரியாக வரவில்லை. அதில் மரியாதை அதிகமாக இருந்தது. "கொஞ்சம் சலிச்சுக்கணும். மூணாவது தடவை கூப்பிடற மாதிரி" என்றேன். மறுபடி சொன்னாள். "இன்னும் கோவமா." அவள் வாழ்க்கையில் யாரையும் அப்படி அதட்டியிருக்கமாட்டாள், பாவம். முகம் சிவந்துபோனது. நாலைந்து தடவைக்குப் பிறகு என் குரல் அவள் தொண்டையில் வந்து உட்கார்ந்தது. எனக்கே தூக்கிவாரிப்போட்டது. நான் இப்படியா கத்துகிறேன்?

அவள் உள்ளே போனாள். நான் கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்றேன். சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. கட்டிலருகே அவள் நின்று ஒரு மூச்சு இழுத்துக்கொண்டது தெரிந்தது. வாய் பெரிதாகத் திறந்தது. பக்கத்துக் கட்டில் பெரியவர் பதறி எழுந்து உட்கார்ந்தார். ஒரு நர்ஸ் கையிலிருந்த தட்டைக் கீழே விட்டாள். அவர் மட்டும் அப்படியே கிடந்தார்.

அவள் மறுபடி கூப்பிட்டாள். ஒன்றுமில்லை.

மூன்றாவது தடவை, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். அதை நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

அவர் வலது கை மெத்தையிலிருந்து மெல்ல எழும்பியது. பாதியில் நடுங்கி நின்றது. நர்ஸ், குழாயைப் பிடுங்கிவிடுவாரோ என்று பிடிக்கப் போனாள். நான் வெளியிலிருந்து கண்ணாடியைப் படபடவென்று தட்டினேன். விடுங்க, விடுங்க என்று கத்தினேன். யாருக்கும் கேட்டிருக்காது. மெஷின் அக்கா மட்டும் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, நர்ஸின் கையைத் தடுத்தாள். அவர் கை குழாய்ப்பக்கம் போகவில்லை. நெற்றிக்குப் போனது. அங்கே விரல்கள் எதையோ தேடின. மூக்குக்கண்ணாடியைத் தேடின. கவுண்டருக்கு வந்த ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பிறகு கண்ணைத் திறந்தார்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாட்ச்மேன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்தத் தண்ணீருக்கு, அந்த மனுஷனுக்கு, அந்தத் தட்டைக் கீழே போட்ட நர்ஸுக்கு, உள்ளே ஓடிக்கொண்டிருந்த அந்தக் கோணல் சக்கர மெஷினுக்கு, யாருக்கென்று தனியாக நன்றி சொல்வது? எல்லாருக்குமாகச் சேர்த்து அழுதேன்.

அதற்குப் பிறகு மெதுவான மெஷினை எடுத்துவிட்டார்கள். மூச்சுக்குழாயும் போயிற்று. சிறுநீரகம் மட்டும் இன்னும் பிடிவாதமாக இருந்தது. வார்டிலிருந்து கீழ்த்தளத்து ஹாலுக்கு, நாற்காலிகளில் சாய்ந்து டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் மத்தியில், அவரையும் தள்ளுவண்டியில் கொண்டுபோவார்கள். அங்கே வருகிறவர்களில் பலர் வருஷக்கணக்காக வருகிறவர்கள். ஒருவரை ஒருவர் பார்க்காவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது. தண்ணீர் குடிக்கிற அளவைப் பற்றி ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொள்வார்கள். மெஷின் அக்கா அங்கே நாற்காலிக்கு நாற்காலி ஒரு குரலில் பேசுவாள். ஒருவரிடம் செல்லம், ஒருவரிடம் அதட்டல், ஒருவரிடம் வெறும் கண்ஜாடை. எல்லாம் அந்தந்த வீடுகளிலிருந்து வாங்கி வந்தது.

ஒரு நாள் காலை வார்டில் அவர் என்னைக் கூப்பிட்டு, கூச்சத்தோடு, "ஒன்னுக்கு வர்ற மாதிரி இருக்கு" என்றார். நான் நம்பவில்லை. அளவு போட்ட பாட்டிலைக் கொடுத்தேன். வந்தது. கொஞ்சம்தான், அடியில் ஒரு விரற்கடை. ஆனால் வந்தது. பாட்டிலை நர்ஸிடம் கொடுத்துவிட்டு, லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் இறங்கி ஓடினேன். ஹால் கதவைத் தள்ளிக்கொண்டு, "அக்கா! ஒன்னுக்குப் போயிட்டாரு!" என்று கத்திவிட்டேன்.

கத்திய பிறகுதான் யார் முன்னால் கத்தினேன் என்று உறைத்தது. நாற்காலிகளில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பாக்கியம் இனிமேல் இல்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஓரத்து நாற்காலியில் இருந்த ஒரு பெரிய மனுஷர், டயாலிசிஸ் ஊசி குத்தாத கையை உயர்த்தி, "எங்க பங்குக்கும் சேர்த்துப் போகச் சொல்லும்மா!" என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு. ஒருவர் கை தட்டப் பார்த்து, ஊசிக்கையை அசைத்ததற்காக மெஷின் அக்காவிடம் திட்டு வாங்கினார். திட்டிவிட்டு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, கொண்டைப் பேனாவை எடுத்துச் சும்மாவே துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஹாலில் இருந்தவர்கள் முகத்தை நான் மறக்கமாட்டேன். தங்களுக்கு இல்லாதது இன்னொருவருக்குக் கிடைத்தபோது அப்படிக் கொண்டாட எனக்கு மனசு வருமா என்று தெரியவில்லை.

அவர் வீட்டுக்கு வந்தார். கொஞ்ச காலத்தில் டயாலிசிஸையும் நிறுத்திவிட்டார்கள். உப்பு அளவு, மருந்து, மாதா மாதம் ரத்தப் பரிசோதனை எல்லாம் இருக்கிறது. காலில் இப்போது கெட்டி ஷூ. கண்ணாடி வெட்டுகிறார். கூப்பிட்டால் பழையபடி மூன்றாவது தடவைதான் வருகிறார். நான் வேண்டுமென்றே மூன்று தடவை கூப்பிடுகிறேன். மூன்றாவதற்கு அந்தக் கை நெற்றிக்குப் போவதைப் பார்ப்பதற்காக.

ஒரு மழைநாளில் கடைவாசலில் குடையை மடக்கிக்கொண்டு ஒருத்தி நின்றாள். அன்றைக்கு அவளுக்கு விடுமுறையாம். பச்சைச் சீருடை இல்லாமல் எனக்கு அடையாளமே தெரியவில்லை. கொண்டைப் பேனாதான் காட்டிக்கொடுத்தது. என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்துவிட்டு, இடுப்பில் கையூன்றி, திரையைப் பார்த்து ஒரு குரல் விட்டாள். "ஏங்க! கவுண்டர்ல ஆள் நிக்குது!"

ஒரே குரல்தான். அவர் விழுந்தடித்துக்கொண்டு வந்தார்.

"நல்லா இருக்கே! நான் தொண்டை கிழியக் கத்தணும், இவங்க கூப்பிட்டா ஒரே தாவா?" என்றேன். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டார். அவள் பதறிப்போய் அவர் கையைப் பிடித்து இறக்கினாள். பிடித்த கையை விடாமல், "சூடா இருக்கே" என்று எனக்குக் காட்டிச் சிரித்தாள்.

ஸ்டூலில் உட்கார வைத்து டீ கொடுத்தோம். பழக்கதோஷம், இரண்டு தடவை எழுந்து எழுந்து நின்றாள். அவருக்கு அவளைப் பற்றி எல்லாம் தெரிந்துகொள்ள ஆசை. "எல்லாரையும் வீட்ல எப்படிக் கூப்பிடுவாங்கன்னு கேப்பீங்களாமே. உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?" என்றார். நான் அன்றைக்குக் கேட்காமல் விட்ட கேள்வி.

"கூப்பிட ஆள் இல்லண்ணே" என்றாள், சாதாரணமாக. "தனியாத்தான் இருக்கேன். தம்பி வெளிநாட்டுல. போன் பண்ணா அவனும் அக்கான்னுதான் ஆரம்பிப்பான். அம்மா இருந்த வரைக்கும் பேரே சொல்லமாட்டாங்க. எதுக்கெடுத்தாலும் ஏண்டிதான். ஏண்டி சாப்பிட்டியா, ஏண்டி இவ்வளவு நேரம், ஏண்டி இப்படிப் பண்ற. அவங்க போன பிறகு என்னை டி போட்டு யாரும் கூப்பிடல. எல்லாருக்கும் அக்கா ஆயிட்டேன்."

பேச்சு வேறு எதற்கோ மாறிவிட்டது. மழை விட்டதும் கிளம்பினாள். தெருவில் இறங்கி, தேங்கிய தண்ணீரைத் தாண்டித் தாண்டி, எதிர்ப்பக்கம் பாதி தூரம் போய்விட்டாள். திரும்பிப் பார்த்தால் அவள் குடை கவுண்டர் ஓரத்தில் சொட்டிக்கொண்டு நிற்கிறது.

நான் யோசிக்கவே இல்லை. வாசலுக்கு வந்து தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். "ஏண்டி! குடையை விட்டுட்டு எங்கடி போற? தலையை எங்க கழட்டி வச்சிருக்க?"

நடுத்தெருவில் அவள் அப்படியே நின்றுவிட்டாள். முதுகுதான் தெரிந்தது. ஒரு ஸ்கூட்டர்காரன் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனான். பிறகு மெதுவாகத் திரும்பி வந்தாள். தண்ணீரைத் தாண்டவில்லை, அதிலேயே நடந்து வந்தாள். குடையை வாங்கிக்கொண்டாள். முகமெல்லாம் நனைந்திருந்தது. மழை அப்போதே விட்டுவிட்டிருந்தது.

"இன்னொரு தடவை கூப்பிடுங்க" என்றாள்.

"போடி, வேலையைப் பாரு" என்றேன்.